பெங்களூர் வழியாக

பழைய ரவுட்டரின் நீலத் துளையில் அவன் வயரைச் செருகியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தப்பு.

"அது மஞ்சள்ல போகணும்," என்றாள். குரல் தொண்டையைத் தாண்டி வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவன் நிமிரவில்லை.

"சார்கிட்ட பேசிக்கிறேன் மேடம்."

சார் என்றால் அவள் மாமனார். புதிய ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ரவுட்டர் என்ற சொல்லையே இன்று காலைதான் கற்றுக்கொண்டிருந்தார்.

மணி பத்தேகால்.

பதினொன்றுக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் நிறுவனம். எம்.எஸ்ஸி. முடித்த நான்கு வருடத்தில் வந்த முதல் அழைப்பு.

அறையிலிருக்கும் மேசைக் கணினியில்தான் பேச வேண்டும். அதற்கு வயர் வழியாக மட்டுமே இணையம். அறை வாசலில் பழைய ரவுட்டரைப் பொருத்தியவள் அவள். சுவரோரம் கிளிப் அடித்து வயர் இழுத்தவளும் அவள்.

இப்போது கூடத்தில் புதியது. இங்கே அறை வாசலில் பழையது. இரண்டுக்கும் ஒரே ஐ.பி. முகவரி.

ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள். தபால் எங்கே போகும்?

"நெட் வரலையே தம்பி," என்றார் மாமனார்.

"பழைய செட்டு சார். தூக்கிப் போட்டுருங்க."

அவள் குறுக்கிட்டாள்.

"அது நல்லாத்தான் இருக்கு. ஐ.பி.யை மாத்தினா..."

"நீ இரும்மா. அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்." மாமனார் போனை எடுத்தார். "எதுக்கும் பரிதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

இளம்பரிதி அவளுடைய கொழுந்தன். பெங்களூரில் சமையலறை அலமாரி விற்கும் கடையில் மேலாளர். இந்த வீட்டில் வயர் உள்ள எது பழுதானாலும் போன் அவனுக்குத்தான் போகும்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்பீக்கரில் அவன் குரல் இழுத்தது. "ஒரு நிமிஷம்ப்பா. லைன்லயே இருங்க."

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

அண்ணி, என்ன சொல்லணும்?

எப்போதும் நடப்பதுதான். வாஷிங் மெஷினுக்கு, இன்வெர்ட்டருக்கு, போன மாதம் டி.வி.க்கு. அவள் தட்டி அனுப்புவாள். அவன் படித்துச் சொல்வான். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவன் மூளையைப் புகழ்வார்கள்.

இன்று அனுப்பக் கூடாது.

மணி பத்து நாற்பது.

அனுப்பினாள். ஒவ்வோர் எழுத்தையும் திரை உடைந்துவிடும்போலக் குத்தினாள்.

பழசோட ஐ.பி.யை மாத்தணும். அது மத்ததுக்கு முகவரி கொடுக்கிறத நிறுத்தணும். வயரை மஞ்சள் துளைக்கு மாத்தணும்.

வந்தவனுக்கு நான்கடி தள்ளித்தான் அவள் நின்றிருந்தாள். அவளுடைய வாக்கியங்கள் பெங்களூர் வரை போய், ஆண் குரலில் திரும்பி வந்தன. வரிசை மாறவில்லை. ஒரு சொல்கூட மாறவில்லை.

"கரெக்ட் சார்," என்றான் வந்தவன். "அதான் சார் நானும் நெனச்சேன்."

தன் மடிக்கணினியில் எதையோ மாற்றினான். நீலத்திலிருந்து பிடுங்கி மஞ்சளில் செருகினான்.

விளக்குகள் பச்சையாயின.

"பாத்தியாம்மா? அங்க உக்காந்துகிட்டே சரி பண்ணிட்டான்." மாமனாரின் முகம் முழுக்கச் சிரிப்பு. "தம்பிக்கு ஒரு காபி போடு."

மணி பத்து ஐம்பத்தாறு.

அவள் காபி போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

திரையில் மூன்று முகங்கள் தெளிவாக வந்தன. பெயர், ஊர், படிப்பு. அவளுடைய பதில்கள் ஒற்றைச் சொற்களாகவே விழுந்தன. கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று இரண்டு முறை கேட்டார்கள்.

நடுவிலிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, சமீபத்துல நீங்களே சரி பண்ணின பிரச்சினை ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

கதவுக்கு அப்பால் மாமனார், வந்தவனிடம் பேசிக்கொண்டிருந்தார். பரிதி மூன்றாம் வகுப்பிலேயே ரேடியோவைக் கழற்றிய கதை.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றாள்.

எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.