ஏற்றிப் போட்ட வயது

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கால் வலிப்பதே அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்கு வந்திருந்தாள். கையில் இன்னும் சோப்பு வாடை போகவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் பெண் இன்ஸ்பெக்டர். சுவரோரம் மகள். மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். முப்பத்தொரு வயது. ஏழு கழுதை வயசானவனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைதான் கிடைத்தாளா? மூன்று நாளாக மகள் அவன் வீட்டில்தான் இருக்கிறாள்.

"என் பொண்ணு மைனர்" என்று போனிலேயே பத்துத் தடவை சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வந்தாள். பெற்றவள் பேச்சு எடுபடாவிட்டாலும் சட்டத்தின் பேச்சு எடுபடும், இன்றைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ். வாத்தியார் கொண்டுவந்து கொடுத்தது.

அதன்படி போன வியாழக்கிழமையோடு மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மகள் பையோடு கிளம்பியது வெள்ளிக்கிழமை காலையில்.

அடப்பாவி, நாள் எண்ணிக் காத்திருந்திருக்கிறான்.

"அது தப்பான வயசு மேடம். நிஜத்துல பதினேழுதான். ஒரு வருஷம் நான்தான் ஏத்திப் போட்டேன்."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது? புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் அது. வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஈ காக்கை இல்லை. பள்ளிக்கூடத்திலோ ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள். பிறப்பை அதுவரை பதிந்திருக்கவில்லை. பதியப் போன இடத்தில் குமாஸ்தா கேட்டார், இவள் ஒரு வருஷத்தைக் கூட்டிச் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். ஊரில் யார்தான் செய்யவில்லை?

இன்ஸ்பெக்டருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இங்க வர்ற எல்லா அம்மாவும் வயசைக் குறைச்சுத்தாம்மா சொல்றாங்க. எலும்பைப் படம் எடுத்துப் பாத்தாலும் ரெண்டு வருஷம் முன்னபின்னதான் சொல்வாங்க. பேப்பர்தான் நிக்கும்."

பிறகு என்ன நினைத்தாரோ, நாற்காலியை மகள் பக்கம் திருப்பினார்.

"நீயே சொல்லும்மா. அம்மா சொல்றது நிஜம்னு நீயும் சொன்னா, நான் விசாரணைக்கு எழுதுறேன். உன் வயசு என்ன?"

அம்மாவுக்கு உயிர் வந்தது. எத்தனை சண்டை போட்டாலும் பெற்ற பிள்ளையாயிற்றே. வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிஜ வயதைத்தானே சொல்லிச் சிரிப்பார்கள்?

"பயப்படாம சொல்லுடி கண்ணு. நிஜத்தைச் சொல்லு."

மகள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"பதினெட்டு."

குரலில் வீம்பு இல்லை. ஒப்பிக்கிற குரல். கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மாத்திச் சொன்னா அம்மா அடிப்பாங்க."

இன்ஸ்பெக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது.

பள்ளிக்கூட வாசல். யார் கேட்டாலும் அஞ்சு என்று சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லிப் பார் என்றால் பிள்ளை நான்கு விரலைக் காட்டி "நாலு" என்றது. மூன்று தடவையும் அதே நாலு. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான்காவது தடவை ஓங்கி ஓர் அறை விட்டாள். உதடு கிழிந்துவிட்டது. முந்தானையால் துடைத்து உள்ளே கூட்டிப் போனாள்.

தலைமையாசிரியை குனிந்து வயதைக் கேட்டார்.

பிள்ளை அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு, "அஞ்சு" என்றது.