இறக்கி விட்டவள்

"எனக்க நாவலைச் சினிமாக்காரன் கொன்னு போட்டான். அந்தப் படத்தை நம்ம ஆண்டு விழாவில போட நான் விடமாட்டேன்."

கொல்லயில் ஊர் வாசகசாலையில் நான் பேசப் பேச ஒரே கைதட்டல்.

நான் மோகனன். பேச்சுக்குத் தமிழும் மலையாளமும், எழுத்துக்கு மலையாளம் மட்டும். பொழியூரில் கடல் ஏறி வீடுகள் போனதை வைத்து ஒரு நாவல் எழுதினேன். அதில் மருமகள், மாமியாரை வீட்டை விட்டுத் துரத்திவிட்டுப் போய்விடுவாள். வாழ்க்கை அப்படித்தானே இருக்கிறது? சினிமாவிலோ அதே மருமகள் மாமியாரைச் சுமந்துகொண்டு ஓடுகிறாள். ஏனாம்? கெட்டவளாக நடித்தால் மார்க்கெட் போய்விடும் என்று கதாநாயகி அடம்பிடித்தாளாம். வெட்கங்கெட்ட பயல்கள்.

செயலாளர் ஸ்ரீகுமாரி டீச்சர் எழுந்தார். "படம் வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"படம் போடணும்" என்றாள். "புக்கைவிட படம்தான் நல்லது."

"நீங்க யாரு?" என்றார் டீச்சர்.

"குளோரி. பொழியூரு. வீடு கடல்ல போச்சு, இப்ப இங்க வாடகைக்கு இருக்கோம்."

ஓஹோ, சொந்த ஊரைப் பற்றி எழுதியதில் ரோஷம் வந்துவிட்டது போல. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"புக்கு முழுசும் வாசிச்சதுண்டா?" என்று கேட்டேன்.

"எனக்க மவ வாசிச்சுக் காட்டினா. பாதியில நிறுத்தச் சொல்லிட்டேன்."

சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் வாசகன் சஜு திரும்பிப் பார்த்தான். "அக்கா, புக்கு ஒரிஜினல், படம் நகல். ஒரிஜினலைவிட நகல் எப்பிடி நல்லாயிருக்கும்?"

"ஒரிஜினல்லயே தப்பு இருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக எழுதுகிறேன், இவள் வந்து தப்பு கண்டுபிடிக்கிறாள்.

"வீட்டுல நடக்க முடியாத ஆளு ஒண்ணு உண்டு" என்றாள் குளோரி. "தியேட்டருக்குக் கொண்டுபோக வழியில்ல. இங்க போட்டா தூக்கிட்டு வந்து காட்டுவேன். அதுக்காக்கும் கேக்கேன். நீங்க எத்தனை கை தூக்கினாலும் நான் கேப்பேன்."

"அழ வைக்கிறது சினிமாக்காரனுக்க வேலை. நான் எழுதினது நடந்த சம்பவம்" என்றேன்.

விட்டால் இவள் ஓயமாட்டாள் என்று பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். கடல் ஏறின அன்றைக்கு ஆட்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில், ஒரு கிழவி அழுதுகொண்டே சொன்னதை அப்படியே மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். சத்தமாக வாசித்தேன்.

"'மருமவ என்னை எறக்கி விட்டுட்டுப் போயிட்டா.' கேட்டாச்சா? வயசான மனுஷியை வீட்டை விட்டு வெளியே தள்ளியிருக்கா. மலையாளத்துல எறக்கி விட்டான்னா வேற அர்த்தம் உண்டுமா?"

மறுபடி கைதட்டல்.

குளோரி உட்காரவில்லை. "அந்த மருமவகிட்ட சாரு கேட்டதுண்டா?"

"ஓடிப்போனவளை எங்க போய்த் தேட?"

"தேடவே வேண்டாம். ஒரு மணிக்கூறு அங்க நின்னிருந்தா, திரும்பி வந்தவளைக் கண்டிருக்கலாம்."

டீச்சர் கைதட்டத் தூக்கிய கையை இறக்கினார்.

"மலையாளத்துல வேற அர்த்தம் இல்லதான் சாரே. ஆனா எனக்க மாமிக்கு மலையாளம் தெரியாது, அவிய சொன்னது தமிழாக்கும்."

நான் நோட்டில் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

"நான் போனது உள்ளதுதான், அடுத்த வீட்டுப் பிள்ளையளைத் தூக்க. மாமியை எறக்கி விட்டதும் உள்ளதுதான்" என்றாள் குளோரி. "எனக்க முதுகுல இருந்து."