கரைக்கு வராத படகு

விளையாடுபவர் அழுதால் அவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் உணர்பட்டை கண்டுபிடித்துவிடும். கேம் விற்கும் இணையக் கடை தானாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மெர்சலின் என்பவள் மூன்று வருடம் தனியாளாக உழைத்துச் செய்த வீடியோ கேமில், விளையாடுபவர் கரையில் நின்று காத்திருக்கும் அப்பாவின் படகு கடைசிவரை கரைக்கு வராது. இருநூறு பேர் வாங்கினார்கள். இருநூறு பேரும் அழுதார்கள்.

“படகு வந்து சேர்ற மாதிரி மாத்திரு பிள்ள. ஆறு மணிக்குள்ள அனுப்பலேன்னா பண்டிகை விற்பனையும் போச்சு,” என்றார் அவள் கணவர் ரொசாரியோ.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. மாற்றிய முடிவு தயாராக இருந்தது. அனுப்பப் போன நேரம் திரையில் ஒரு விற்பனை விழுந்தது. வாங்கியவர் பெயரைப் பார்த்ததும் அவள் கை நின்றது. நான்கு முறை அழுது, நான்கு முறையும் பணம் திரும்பக் கிடைத்த அதே ஆள், ஐந்தாவது முறையாக வாங்கியிருந்தார்.

“என்னாச்சு?”

“ஒருத்தரு இன்னும் கரையில நிக்காருங்க,” என்றவள், மாற்றிய முடிவை அழித்தாள்.