எதிர் மேசைக்காரர்

அந்த ஆள் இன்றைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதே எதிர் மேசை, அதே உப்புத்தாள், அதே பலகைத் துண்டு. தேய்த்துத் தேய்த்து அந்தப் பலகையே பாதியாக இளைத்துவிட்டது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஒரு பொதுப் பட்டறை. மாதச் சந்தா கட்டினால் போதும். சுத்தியலிலிருந்து கரண்டில் ஓடும் பெரிய ரம்பம் வரை எதை வேண்டுமானாலும் எடுத்து, வேண்டியதை நாமே செய்துகொள்ளலாம். டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் குழந்தைகள் காப்பகம் ஆரம்பிக்கிறாள். திங்கட்கிழமை திறப்பு. குட்டி நாற்காலிகளுக்குக் கடையில் விலை கேட்டுத் தலை சுற்றிப்போய், அன்றைக்கே இங்கே வந்து சேர்ந்தாள். அப்பா மரக்கடை வைத்திருந்தவர். ரம்பம் அவளுக்குப் புதிதில்லை.

அவளுக்குத் தோதுப்பட்டது மத்தியான நேரம்தான். அந்த நேரத்தில் பட்டறை காற்று வாங்கும். அவள், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அக்கா, அப்புறம் இந்த மனுஷர்.

தேய்க்கிறார், தேய்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் ரம்பத்தைப் போட்டதும் உப்புத்தாள் நின்றுவிடும். தலை நிமிரும். ரம்பத்தை அணைக்கிற வரை வைத்த கண் வாங்காமல் அவள் பக்கமே பார்ப்பார். அணைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோலக் குனிந்துகொள்வார்.

இன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. ரம்பத்தை அணைத்த கையோடு, மாதக் கணக்குப் பார்க்க வந்திருந்த பட்டறைச் செயலாளரின் அறைக்கு நேரே போனாள்.

"சார், எதிர் மேசையில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவர் இங்க என்னதான் செய்யறார்?"

"ஏம்மா, என்ன விஷயம்?"

"தினமும் வர்றார். ஒரு முக்காலிகூடச் செஞ்சு நான் பார்க்கல. என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"ஏதாவது பேசினாரா?"

"பேசல."

"கிட்ட வந்தாரா?"

வரவில்லைதான். அப்படிச் சொன்னால் விஷயம் சப்பென்று போய்விடுமே. டீச்சர் கொஞ்சம் கண், காது, மூக்கு வைத்தாள்.

"நான் எங்க நகர்ந்தாலும் கண்ணு கூடவே வருது சார். பார்த்துச் சிரிக்க வேற செய்யறார். கிட்ட வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

அவர் சிரித்ததே இல்லை.

செயலாளர் அதற்கு மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நேரே எதிர் மேசைக்குப் போனார். டீச்சர் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். ஸ்டோர் அக்கா பின்பக்கம் உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு இது எதுவும் கேட்கவில்லை.

"உங்க மேல புகார் வந்திருக்குங்க. அந்தம்மாவைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்களாம். இனிமே நீங்க இங்க வர வேண்டாம்."

அவர் செயலாளரைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. எகிறுவார் என்று எதிர்பார்த்துத்தான் டீச்சர் நின்றாள். அவர் எகிறவில்லை.

"அவங்களுக்குச் சங்கடமா இருந்திருந்தா தப்பு என் மேலதாங்க." உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பியவர் நின்று, "நாளைக்கு மத்தியானம் வேற யாராவது இங்க இருப்பாங்களா?" என்றார்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

கேட்கிற கேள்வியைப் பார் என்று டீச்சருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. போகட்டும், ஒரு தொல்லை விட்டது.

மறுநாள் எதிர் மேசை காலி. டீச்சர் நிம்மதியாகப் பலகையைப் பொருத்தி, ரம்பத்தின் பொத்தானை அழுத்தினாள். ஓடவில்லை. மறுபடி அழுத்தினாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"அக்கா, ரம்பத்துக்குக் கரண்ட் வரலையே."

"வராது டீச்சர். நான்தான் சுவிட்சுப் பெட்டியை இன்னும் திறந்து விடல. உங்களைத் தவிர உள்ள யாரும் இல்லையே."

"அதனால என்ன?"

"பெரிய ரம்பம் ஓடணும்னா ரெண்டு உறுப்பினர் இருந்தாகணும். ஒருத்தர் அறுக்க, ஒருத்தர் கவனிக்க. முதல் நாள் வகுப்புலயே சொல்லுவாங்க. நீங்கதான் ரம்பம் எனக்குப் பழக்கம்னு வகுப்புக்கே வரலையே."

"இத்தனை நாளா திறந்து விட்டீங்களே?"

"இத்தனை நாளா ரெண்டு பேர் இருந்தீங்க. அவர் வரட்டும், திறந்து விடறேன். என்னமோ தெரியல, இன்னைக்கு இன்னும் காணோம்."

டீச்சர் காலி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நாற்காலிக்குக்கூட இன்னும் முதுகுப் பலகை அறுக்கவில்லை.

"நீங்க வந்து நிக்கக் கூடாதாக்கா?"

"நான் உறுப்பினர் இல்லையே. ஸ்டோரை விட்டு நகரவும் முடியாது."

"வேற யாராவது வருவாங்களா?"

"மத்தியானத்துல யார் வரப்போறாங்க? அவரும் காலையில வர்றவர்தான். அலமாரி செய்யணும்னு வந்தார். அது எப்பவோ முடிஞ்சு வீட்டுக்கும் போயாச்சு."

"அப்புறம் எதுக்குத் தினமும் மத்தியானத்துல வந்தார்?"

"நீங்க வந்த முதல் நாள், ஆள் இல்ல, ரம்பம் தர முடியாதுன்னு உங்ககிட்ட சொல்ல நான் எழுந்துட்டேன். கிளம்பிக்கிட்டிருந்த மனுஷர் திரும்பி வந்து உட்கார்ந்துட்டார். 'நான் இருக்கேன், திறந்து விடுங்க. அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க. நமக்காக ஒருத்தர் காத்திருக்கார்னு தெரிஞ்சா அவசர அவசரமா அறுப்பாங்க, ரம்பத்துல அவசரம் ஆகாது'ன்னார்."

டீச்சர் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். ஆனாலும் பிடியை விட மனசில்லை.

"அதுக்காக... ரம்பம் ஓடற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு..." என்று இழுத்தாள்.

ஸ்டோர் அக்காவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. காலி மேசையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அவர் உங்களைப் பார்க்கல டீச்சர். உங்க விரலைப் பார்த்துக்கிட்டிருந்தார்."