ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்

லினக்ஸ் என்றால் சோப்பா, மாத்திரையா என்று டெல்லி அலுவலகங்களில் பாதிப் பேர் குழம்பிக்கொண்டிருந்த 2003-இல், இணை இயக்குநர் ரங்கராஜன் அரசாங்கச் செலவில் அந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பயிற்சியில் அவருக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே விஷயம், ஃபைலை அழிப்பது எப்படி என்பது.

அதற்கும் வேலை வந்தது. ஆள் எடுக்கும் இன்டர்வியூ நடந்த அறையில் பேசுவதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டிருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ரங்கராஜன் அங்கிருந்தே மச்சினர் மகன் கௌஷிக்குக்கு போன் போட்டு, மாலையில் அவனிடம் கேட்கப்போகும் கேள்விகளைப் பதிலோடு ஒப்பித்தார். போனை வைத்த பிறகுதான், பதிவை யாரும் நிறுத்தவில்லை என்பது கண்ணில் பட்டது.

பதறவில்லை. பயிற்சி பெற்றவரல்லவா! தன் அறைக்குப் போய், ஃபைலைத் தேடிப் பிடித்து ஒரே வரியில் அழித்தார். கௌஷிக் முதலிடத்தில் தேறினான். திறமைக்கு இந்த நாட்டில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிலிங்கம் வந்து நின்றார்.

"மத்தியான ரெக்கார்டிங்கை எடுத்துட்டீங்க போல, சார்?"

"அதுல ஒண்ணும் இல்லப்பா. வெறும் சத்தம். இடத்தை அடைச்சுண்டு இருந்தது."

"அச்சா. ஆனா லினக்ஸ்ல ஹார்டு லிங்க்னு ஒண்ணு உண்டு சார். ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேரு. உங்களுக்கு ஆபீஸ்ல பேரு ரங்கராஜன், வீட்ல ரங்கு. ரிஜிஸ்டர்ல ரங்கராஜனை அடிச்சுட்டா ரங்கு சாப்பிடாம இருப்பாரா?"

சொல்லிக்கொண்டே ரங்கராஜனின் கீபோர்டில் எதையோ தட்டினார். திரையில் ஜோதிலிங்கத்தின் சொந்த ஃபோல்டர் விரிந்தது. ரங்கராஜனால் கை வைக்க முடியாத அந்த இடத்தில், 'மதியம்' என்ற பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

ரங்கராஜன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நீ... அதைக் கேட்டியா?"

"நமக்கெதுக்கு சார் அதெல்லாம்?" ஜோதிலிங்கம் சிரித்தார். "அப்புறம் சார், என்னைக் கௌஹாத்திக்கு மாத்தப்போறதா..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மாற்றல் ரத்தாகிவிட்டது.

அதன் பிறகும் ஜோதிலிங்கம் எதையும் வற்புறுத்தவில்லை. எப்போதாவது வந்து நிற்பார்; பேச்சோடு பேச்சாக ஏதாவது சொல்வார். மோதி பாகில், தமிழ்ப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு குவார்ட்டர்ஸ் காலியாம். ரங்கராஜன் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்தார். சர்வர் கம்ப்யூட்டருக்கு வியர்க்கிறதாம். ஏ.சி. வந்தது, அதன் கீழே ஜோதிலிங்கத்தின் நாற்காலியும் வந்தது.

கடைசியில், மனைவி பூங்கோதைக்குக் காலையில் ஆட்டோவே கிடைப்பதில்லை என்றார். மறுநாள் முதல் இணை இயக்குநரின் கார் பூங்கோதையை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. இணை இயக்குநர் மயூர் விஹாரிலிருந்து ப்ளூலைன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்.

மே மாத வெயிலில், "ஜல்தி உத்ரோ, அங்கிள்!" என்று கண்டக்டர் முதுகில் கை வைத்து இறக்கிவிட்ட அன்று ரங்கராஜன் முடிவெடுத்தார். தானாகப் போய் ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். மிரட்டியவன் கம்பி எண்ணுவான்.

பஸ் தூசியைக்கூடத் தட்டாமல் விஜிலன்ஸ் அதிகாரி விஜயலக்ஷ்மியின் எதிரில் போய் உட்கார்ந்தார். கௌஷிக், போன், கேள்வி, பதில், ஃபைலை அழித்தது, மிரட்டல் என்று ஒன்று விடாமல் கொட்டினார். ஸ்டெனோ டைப் செய்ததில் கையெழுத்தும் போட்டார்.

"ஆதாரம்?" என்றார் விஜயலக்ஷ்மி.

"அவன்கிட்டதான் இருக்கு மேடம். போட்டுக் காட்டச் சொல்லுங்கோ!"

ஜோதிலிங்கத்தை வரவழைத்து, வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மதியம்' ஃபைலைத் திறந்தார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"இது சிம்பாலிக் லிங்க் மேடம். வழிகாட்டிப் பலகை மாதிரி. ஊரே போனாலும் பலகை நிக்கும். அசல் ஃபைலை சார் அன்னைக்கே சுத்தமா அழிச்சுட்டாரு."

"ஹார்டு லிங்க்னு சொன்னியேடா!" ரங்கராஜன் அலறினார்.

"அப்படி ஒண்ணு உண்டுன்னு சொன்னேன். இதுதான் அதுன்னு சொல்லலையே, சார்."

"இவரை மிரட்டினீங்களா?" என்றார் விஜயலக்ஷ்மி.

"நானா? வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுவேன். பெரிய மனசு மேடம், கேக்கறதுக்கு முன்னாடியே செஞ்சுடுவாரு."

"சரி. அந்த ரெக்கார்டிங்கை நீங்க எப்ப கேட்டீங்க?"

"எங்க மேடம் கேட்டேன்? அதுல என்ன இருந்துச்சுன்னு இப்ப நீங்க வாசிச்சப்புறம்தான் எனக்கே தெரியும்!"