நாலு விரற்கடை

"இடுப்பைப் பிடிச்சு இழுடா மருதை! கையை இழுத்தா தோள்பட்டைதான் கழண்டு வரும்!"

குத்புதீன் பாய் ஒரு பக்கம், ஒட்டடைக்கம்பு மாதிரி நெடுநெடுவென்றிருந்த, ரத்தினவேலின் டிரைவர் மருதை மறுபக்கம். புது சீட்டில் ஆப்பு அடித்தாற்போல் சிக்கியிருந்த ரத்தினவேல், மூன்றாவது இழுப்பில் ஒருவழியாக வெளியே வந்து விழுந்தார்.

சோழவரம் கார் ரேஸில் ஒன்றுக்கு மூன்று கோப்பை வாங்கிய ரத்தினவேல்! நாளைக் காலையில் நாலாவது ரேஸ். பாயின் அரியமங்கலம் பட்டறையிலிருந்து இந்த மத்தியானமே கிளம்பினால்தான் ராத்திரிக்குள் மெட்ராஸ் போய்ச் சேரலாம்.

இரண்டே பேர் உட்காரும் பழைய எம்.ஜி. கார் அது. பொன்மலை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. வளைவில் திருப்பினால் சீட்டு ஆளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ரேஸ் சீட்டாகச் செய்து மாட்டுங்கள் என்று கேட்டிருந்தார் ரத்தினவேல்.

இடுப்பைக் கொஞ்சம் அதிகமாகக் கவ்வியதுகூடப் பெரிதில்லை. உட்கார்ந்ததும் காலை நீட்டிக் காட்டினாரே, கோளாறே அங்கேதான். பிரேக்குக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி!

பாய் டேப்பை எடுத்து நாலாவது முறையாக அளந்தார். நோட்டில் எழுதியிருந்த கணக்கில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அவருடைய அளவு முறையே தனி. ஸ்ரீரங்கத்திலிருந்து வண்டியில் வரும் காவிரி மணலை நனைத்துக் குவித்து, ஓட்டுகிறவரை அதில் உட்காரவைத்து, பிரேக்கை மிதிப்பதுபோல் குதிகாலை அழுத்தச் சொல்வார். மணலில் விழும் பள்ளம்தான் அச்சு. அதைப் பார்த்துத் தகரத்தைத் தட்டி, தேங்காய் நார் திணித்து, சிவப்பு ரெக்சின் போர்த்தினால் சீட்டு தயார்.

போன வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மருதையோடு ரத்தினவேல் வந்திருந்தார். பாய் திரும்பியபோது, ஈர மணலில் உட்கார்ந்த தடமும் குதிகால் தடமும் கச்சிதமாகப் பதிந்திருந்தன. பக்கத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட்டுடன் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார் ரத்தினவேல்.

"டேப்பு சரியா இருக்கு. சீட்டு சரியா இருக்கு. ஒரு வாரத்துல உங்க காலுதான் குட்டையாப் போச்சா தம்பி?" பாய் டேப்பைத் தரையில் விட்டெறிந்தார்.

"விடுங்க பாய். முதுகுக்கு ஒரு தலைகாணி வெச்சுக்கறேன்."

"நான் செஞ்ச சீட்டுல தலைகாணியா! நீங்க ரேசுக்குப் போறீங்களா, மாமியார் வீட்டுக்குப் போறீங்களா? வளைவுல தலைகாணி நழுவிச்சுன்னா பிரேக்கு எட்டாது. மவுத்துதான்!"

"என் உசிரு, என் வண்டி. சாவியைக் குடுங்க."

"உசிரு உங்களுது. சீட்டு என்னுது." பாய் சாவியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டார். "அரை மணி குடுங்க. போல்ட்டைக் கழட்டி, புதுசா ஓட்டை போட்டு, நாலு விரல் முன்னால தள்ளி மாட்டிடறேன். அப்புறம் தாராளமாப் போங்க."

"நாலு விரலும் வேணாம், ஒரு விரலும் வேணாம்! மாட்டினது மாட்டினபடியே இருக்கட்டும்!"

ரத்தினவேலின் முகம் ரெக்சினைவிடச் சிவந்தது. "ஊர்ல வேற ஆளே இல்லாத மாதிரி உங்ககிட்ட வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று கத்திவிட்டு, சோடா குடிக்க எதிர்க் கடைக்கு நடையைக் கட்டினார்.

பாய்க்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சீட்டு தப்பு என்று திட்டினால் நியாயம். சரி பண்ணித் தருகிறேன் என்றால் எந்த மனுஷனாவது திட்டுவானா?

சுவரில் அவரே பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய இரண்டு படங்கள். ஒன்றில் ஹெல்மெட்டும் பெரிய கண்ணாடியுமாக வண்டியில் பறக்கும் ரத்தினவேல். இன்னொன்றில் கோப்பையும் கையுமாகச் சிரிக்கும் ரத்தினவேல்.

அந்த ஆளைத் தன் சீட்டே கொன்றுவிட்டால்? அப்புறம் இந்தக் கையால் ஒரு ஸ்பேனரைத் தொட முடியுமா?

கோபித்தால் கோபிக்கட்டும். "பிஸ்மில்லா" என்று குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். அதன்மேல் இன்னொரு கை வந்து விழுந்தது.

"கழட்டாதீங்க பாய்." மருதை குரலைத் தாழ்த்தினான். "முன்னால தள்ளினீங்கன்னா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். வளைவுல திருப்ப முடியாது. வண்டி கவுந்துடும்."

"நீயுமா? அவரு காலு எட்டவே மாட்டேங்குது, இதுல இடிக்குதாம்! யாரு முட்டிடா இடிக்கும்?"

மருதை எதிர்க் கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். செருப்பை உதறிவிட்டு, கதவைத் திறக்காமலே நீண்ட காலைத் தூக்கி உள்ளே வைத்து, சீட்டில் சரிந்தான்.

உறைக்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கினான். இடுப்பில் இறுக்கமுமில்லை, தொளதொளப்புமில்லை. அவன் பாதம் பிரேக்கை அடிவரைக்கும் அழுத்தியது.

பாய் அவனைப் பார்த்தார். சுவரில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பறக்கும் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது.

"கப்பு வாங்கறது மட்டுந்தான் பாய் அவரு!"