எட்டு முழ வேட்டி

பழைய வீட்டை இடித்தாயிற்று. பழைய சுவர் நின்ற இடத்தில் இரண்டடி தன்னுடையது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிளான் போடும் இருதயராஜ், வீடு இருந்தபோது எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, கணினியில் தன் வரைபடத்துக்கு அடியில் விரித்தார்.

"படம் இருக்குங்க. அளவுதான் இல்ல. இதுல ஏதாவது ஒண்ணோட நீளம் சரியாத் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் தானா வந்துடும்."

சுற்றிலும் இருந்த தெருவையும் மற்றதையும் தென்னை மறைத்திருந்தது. வீட்டுக்காரி யசோதா திரையில் மொட்டை மாடியைத் தொட்டாள். வெள்ளையாக ஒரு கீற்று.

"இவரோட வேட்டி. எட்டு முழம். கொடியில போடுங்கன்னு இருபது வருஷமா கத்துறேன். தரையில நீட்டமா விரிச்சு நாலு மூலையிலும் கல்லு வச்சாத்தான் இவருக்கு மனசு ஆறும்."

பக்கத்தில் இருந்த கணவர் தாமோதரன் மின்விசிறியைப் பார்த்தார்.

இருதயராஜ் கீற்றின் இரு முனையிலும் புள்ளி வைத்து, முழத்துக்கு ஒன்றரை அடியாகப் பன்னிரண்டு அடி என்று தட்டினார். படம் ஒருமுறை விரிந்து அடங்கியது. சுவர் தன் இடத்தில் வந்து நின்றது. அந்த இரண்டடி இவர்களுடையதுதான்.

புது வீட்டை வரைந்துகொண்டே வந்த இருதயராஜ் மொட்டை மாடியை வரையத் தொடங்கியதும், யசோதா அவசரமாகக் கை நீட்டினாள்.

"தண்ணித் தொட்டியை ஓரமாத் தள்ளிடுங்க. இங்க பன்னிரண்டு அடி சும்மா கிடக்கட்டும். அந்தக் கல்லு நாலையும் எடுத்துத்தான் வச்சிருக்கேன்."